தொலை அமர்வுகளுக்கு மாறிகளையும் கட்டளைகளையும் அனுப்புதல்: முத்துக்குளித்துறை வழக்குகளை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

ஒரு கணினியில் இருந்தவாறே தொலைவிலுள்ள மற்றொரு கணினியில் கட்டளைகளை இயக்குவது இன்று தமிழ்த் தரவகப் பணிகளிலும் இன்றியமையாததாகிவிட்டது. அவ்வாறு அனுப்பப்படும் கட்டளை இருமுறை படிக்கப்படுகிறது. முதலில் அனுப்பும் கணினியின் ஷெல்லும், பின்னர் பெறும் கணினியின் ஷெல்லும் அதனைப் பிரித்துப் பொருள் கொள்கின்றன. இவ்விரட்டைப் படிப்பே பெரும்பாலான பிழைகளுக்குக் காரணமாகிறது. தமிழ்ச் சொற்களின் இடைவெளி, எழுத்துக் குறியேற்றம், உயிர்மெய் வடிவங்களின் இருவகைச் சேமிப்பு ஆகியவை இச்சிக்கலை மேலும் கூர்மையாக்குகின்றன. தூத்துக்குடிக் கடற்கரையின் முத்துக்குளிப்பு மரபில் கல்லுக்கு ஒரு கயிறும் கூடைக்கு மற்றொரு கயிறும் அமைந்திருந்ததைப் போல, கட்டளைக்கு ஒரு வழியும் தரவுக்கு ஒரு வழியும் வகுப்பதே பாதுகாப்பானது என இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: ஷெல், தொலை அமர்வு, மாறி, மேற்கோள் குறி, ஒருங்குறி, முத்துக்குளிப்பு, தரவகம்.

1. முன்னுரை

தூத்துக்குடிக் கடற்கரை முத்தாலும் சங்காலும் பெயர்பெற்றது. கொற்கை தொடங்கி நீண்டு வந்த முத்துக்குளிப்பு மரபு, 1955 முதல் 1961 வரை நடைபெற்ற குளிப்புகளோடு அப்பகுதியில் நின்றுவிட்டது. துறைமுகமோ வளர்ந்தது. 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட அது, 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. முத்துக்குளிப்பு நின்றுபோன நிலையில், அத்தொழில் சார்ந்த சொற்களும் அவற்றை அறிந்தோரின் குரற்பதிவுகளும் இனிக் கணினிக் கோப்புகளாகவே எஞ்சும். ஒரு கோப்பு அழிந்தால் அதை மீண்டும் கேட்டுப் பதிவதற்கு ஆள் இல்லாத நிலை வந்துகொண்டிருக்கிறது. ஆகவே, இத்தகைய தொகுப்புகளைத் தொலைவிலிருந்து கையாளும் முறையைப் பிழையறக் கற்பது தமிழாய்வாளர்க்கும் உரிய கடமையாகிறது.

முத்துக்குளிப்பின் அமைப்பு இப்பொருளை விளங்கிக்கொள்ளத் துணைபுரிகிறது. குளிப்பவர் கல் கட்டிய கயிற்றின் துணையால் விரைந்து கீழிறங்குவார். அடியை அடைந்ததும் கல் மேலே இழுக்கப்படும். சிப்பிகளைச் சேர்க்கும் கூடைக்கு வேறொரு கயிறு உண்டு. ஏறத்தாழ ஒரு நிமிட அளவினதாகிய அம்முழுக்கில், மேலிருப்பவர்க்கும் கீழிருப்பவர்க்கும் இடையே பேச்சு இயலாது. குளிப்பவர் கயிற்றைச் சுண்டினால் மேலிருப்பவர் இழுக்க வேண்டும் என்பது முன்கூட்டியே உடன்பட்ட குறி. கயிற்றைப் பிடிப்பவர் குளிப்பவரின் மைத்துனராகவே இருப்பார் என மக்கள் வழக்கில் ஒரு செய்தி வழங்குகிறது. தன் உடன்பிறந்தாளின் வாழ்வு அக்கயிற்றில் தொங்குவதால் அவர் கை தளரமாட்டார் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம்.

தொலை அமர்வும் இத்தகையதே. அனுப்புபவர் மேலே இருக்கிறார். செயல் கீழே நிகழ்கிறது. மேலே அறியப்பட்டவை அனைத்தும் கீழே தாமாக அறியப்படுவதில்லை. எதனை, எவ்வழியே, எவ்வடிவில் அனுப்புவது என்பதை முன்னரே வரையறுக்க வேண்டியுள்ளது.

2. கலைச்சொல் விளக்கம்

இக்கட்டுரையில் 'ஷெல்' என்பது, பயனர் தட்டும் வரியைச் சொற்களாகப் பிரித்து, குறியீடுகளுக்குப் பொருள் கண்டு, உரிய நிரலை இயக்கும் கட்டளை விளக்கியைக் குறிக்கிறது. 1979இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் வெளிவந்த போர்ன் ஷெல்லும், 1989இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ் ஷெல்லும் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. 'மாறி' என்பது ஒரு மதிப்பைத் தாங்கும் பெயர். அப்பெயரின் முன் டாலர்க் குறி இட்டால் ஷெல் அதன் மதிப்பை அவ்விடத்தில் பெய்துவிடும். இச்செயல் 'விரித்தல்' எனப்படும். ஒரு ஷெல் தான் தொடங்கும் நிரல்களுக்கு மரபுரிமையாகக் கொடுக்கும் மாறி 'சூழல் மாறி' ஆகும். 'தொலை அமர்வு' என்பது வலைவழியே மற்றொரு கணினியில் திறக்கப்படும் ஷெல்லின் ஆயுட்காலம். அக்கணினி 'வழங்கி' எனப்படும்.

எடுத்துக்காட்டுகளில் கட்டளைச் சொற்களும் மாறிப் பெயர்களும் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன. கணினியில் அவை உரோமன் எழுத்திலேயே தட்டப்பட வேண்டும். மாறிப் பெயரில் உரோமன் எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றையே போசிக்ஸ் தரம் ஏற்கிறது. ஆனால் மாறியின் மதிப்பில் தமிழ் எழுத்துகள் தடையின்றி இடம்பெறலாம். எடுத்துக்காட்டுகளில் 'துறை' என்பது வழங்கியின் பெயர். 'எக்கோ' என்பது தரப்பட்டதைத் திரையில் காட்டும் கட்டளை. 'எம்கேடிர்' என்பது கோப்புறையை உருவாக்குவது. 'ஆர்எம்' என்பது அழிப்பது.

3. தொலைக் கட்டளையின் வளர்ச்சி

1983இல் வெளியான 4.2 பி.எஸ்.டி. இயங்குதளத்தில் 'ஆர்எஸ்எச்' என்னும் தொலை ஷெல் இடம்பெற்றது. அதில் கட்டளைகள் மறைக்குறியாக்கம் இன்றியே சென்றன. வலையில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டதொரு நிகழ்வைத் தொடர்ந்து, ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டாட்டு யுலோனன் 1995இல் 'எஸ்எஸ்எச்' நெறிமுறையை உருவாக்கினார். அதன் திறந்த மூல வடிவமாகிய ஓப்பன்எஸ்எஸ்எச் 1999இல் வெளிவந்து இன்று பரவலாக வழங்குகிறது.

எஸ்எஸ்எச் இணைப்பின்போது வழங்கி தன் அடையாளத்தை ஒரு திறவுகோலால் மெய்ப்பிக்கிறது. முதல் இணைப்பில் அத்திறவுகோலின் சுருக்கத்தைச் சரிபார்க்குமாறு பயனர் கேட்கப்படுகிறார். பலரும் அதனைப் படியாமலே 'ஆம்' என்கின்றனர். கயிற்றின் மறுமுனை யார் கையில் உள்ளது என்பதை அறியாமல் கடலில் இறங்குவதற்கு இது ஒப்பாகும். கட்டளை எவ்வளவு செம்மையாக எழுதப்பட்டிருப்பினும், அது தவறான வழங்கிக்குச் செல்லுமாயின் பயனில்லை.

4. ஒரே சரம், இரு படிப்புகள்

எஸ்எஸ்எச் இணைப்பு நெறிமுறை, 2006 ஜனவரியில் ஆர்.எஃப்.சி. 4254 என்னும் ஆவணமாக வரையறுக்கப்பட்டது. அதன்படி, தொலைவில் இயக்கவேண்டிய கட்டளை ஒரே எழுத்துச் சரமாகச் செல்கிறது. அனுப்பும் பக்கத்தில் பல சொற்களாகத் தரப்பட்டாலும், எஸ்எஸ்எச் அவற்றை இடைவெளியிட்டு இணைத்து ஒரே சரமாக்கிவிடுகிறது. வழங்கி அச்சரத்தைப் பயனரின் ஷெல்லிடம் ஒப்படைக்க, அந்த ஷெல் அதனை மீண்டும் சொற்களாகப் பிரிக்கிறது. சொற்களுக்கிடையே முதலில் இருந்த எல்லைகள் பயணத்தில் மறைந்துவிடுகின்றன. மேற்கோள் குறிகளுள் வெளியடுக்கு, அனுப்பும் ஷெல்லாலேயே உரிக்கப்பட்டுவிடுகிறது.

தூத்துக்குடிக்கு எதிரே மன்னார் வளைகுடாவில் அமைந்த 'வான் தீவு' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். தீவு என்னும் மாறிக்கு அப்பெயர் மதிப்பாகத் தரப்படுகிறது:

தீவு='வான் தீவு'

எடுத்துக்காட்டு 1:
எஸ்எஸ்எச் துறை 'எக்கோ $தீவு'

இங்கு ஒற்றை மேற்கோள், அனுப்பும் ஷெல் மாறியை விரிக்காதவாறு தடுக்கிறது. டாலர்க் குறியோடு கூடிய பெயர் அப்படியே வழங்கியை அடைகிறது. அங்கே அப்பெயரில் மாறி எதுவும் இல்லாமையால் வெற்றுவரியே கிடைக்கும். பிழைச்செய்தி எதுவும் எழாது. மேலே அறியப்பட்டது கீழே அறியப்படுவதில்லை என்னும் உண்மையின் எளிய வடிவம் இது.

எடுத்துக்காட்டு 2:
எஸ்எஸ்எச் துறை "எம்கேடிர் $தீவு"

இரட்டை மேற்கோள் மாறியை அனுப்பும் பக்கத்திலேயே விரிக்க இடந்தருகிறது. வழங்கியை அடையும் சரம்: எம்கேடிர் வான் தீவு. தொலை ஷெல் இதனை மூன்று சொற்களாகப் பிரித்து, 'வான்' என்று ஒன்றும் 'தீவு' என்று ஒன்றுமாக இரு கோப்புறைகளை உருவாக்கிவிடும். அனுப்பும் பக்கத்தில் இரட்டை மேற்கோள் இட்டிருந்தும் பெயர் பிளவுபட்டதேன் என்பதே கற்போர் பெரிதும் மயங்கும் இடம். அம்மேற்கோள் காத்தது முதற்படிப்பில் மட்டுமே. இரண்டாம் படிப்புக்கு வேறொரு காப்பு வேண்டும்.

எடுத்துக்காட்டு 3:
எஸ்எஸ்எச் துறை "எம்கேடிர் '$தீவு'"

இங்கு வெளியிலுள்ள இரட்டை மேற்கோள் முதற்படிப்புக்கும், உள்ளிருக்கும் ஒற்றை மேற்கோள் இரண்டாம் படிப்புக்கும் உரியன. பெயர் பிளவுபடாது. எனினும் மதிப்பின் உள்ளேயே ஒற்றை மேற்கோள் ஒன்று இருப்பின் இக்காப்பு உடைந்துவிடும். குரற்பதிவுகளுக்குத் தலைப்பிடுகையில் ஒரு சொல்லை மேற்கோளுக்குள் இடும் பழக்கம் ஆய்வாளரிடையே உண்டு. அத்தகைய தலைப்பு ஒன்றே போதும், கட்டளை திரிந்துபோக.

5. மாறிகளை அனுப்பும் வழிகள்

5.1 மேற்கோளிட்டு விரித்தல்

பாஷ் ஷெல்லின் 'பிரின்ட்எஃப்' கட்டளையில் %கியூ என்னும் வடிவக் குறி உள்ளது. ஒரு மதிப்பை, மீண்டும் ஒரு ஷெல் படித்தாலும் அதே மதிப்பாகவே கிடைக்கும் வகையில், தேவையான இடங்களில் காப்புக் குறிகளை இட்டு இது தரும். பாஷ் 4.4 பதிப்பு முதல், மாறிப் பெயரை அடுத்து @கியூ என எழுதுவதாலும் இப்பயன் கிட்டும். மதிப்பில் இடைவெளி, மேற்கோள், விண்மீன் குறி எது இருந்தாலும் இவை காக்கும். கையால் மேற்கோள் இடுவதைவிட இது நம்பத்தக்கது.

5.2 உட்பொதி உரை

பல வரிக் கட்டளைகளை அனுப்ப 'ஹியர்டாக்' எனப்படும் உட்பொதி உரை பயன்படுகிறது. தொடக்கத்தில் ஓர் எல்லைச்சொல் அறிவிக்கப்படும். அச்சொல் மீண்டும் தனி வரியில் வரும் வரையிலான உரை முழுவதும் தொலை ஷெல்லுக்கு உள்ளீடாகும். எல்லைச்சொல்லை மேற்கோளின்றி எழுதினால் உள்ளிருக்கும் மாறிகள் அனுப்பும் பக்கத்திலேயே விரிக்கப்படும். மேற்கோளுக்குள் எழுதினால் எதுவும் விரிக்கப்படாமல் அப்படியே செல்லும். ஒரே உரையில் சில மாறிகள் இங்கும் சில அங்கும் விரியவேண்டுமாயின், அங்கு விரியவேண்டியவற்றின் டாலர்க் குறிக்கு முன் பின்சாய்கோடு இடுவது வழக்கம். அத்தகைய கலப்பு உரை படிப்போரை எளிதில் மயக்கும். எல்லைச்சொல்லுக்கு மேற்கோளிட்டு, வேண்டிய மதிப்புகளை வேறு வழியில் அனுப்புவதே தெளிவானது.

5.3 சூழல் மாறியாக அனுப்புதல்

ஆர்.எஃப்.சி. 4254 மாறியின் பெயரையும் மதிப்பையும் கட்டளையிலிருந்து பிரித்து அனுப்பவும் ஒரு வழி வகுத்துள்ளது. அனுப்பும் பக்க அமைவுக் கோப்பில் 'சென்ட்என்வ்' என்னும் குறிப்பும், வழங்கியின் அமைவுக் கோப்பில் 'அக்செப்ட்என்வ்' என்னும் குறிப்பும் பொருந்தினால் மாறி கடக்கும். இருபுறமும் உடன்பாடு தேவை. வழங்கி இயல்பாக எதையும் ஏற்பதில்லை. டெபியன் போன்ற வழங்கல்கள் மொழி, இடமரபு சார்ந்த மாறிகளை ஏற்குமாறு அமைக்கின்றன. கட்டுப்பாடின்றிச் சூழல் மாறிகளை ஏற்பது பாதுகாப்புக்கு ஊறாகலாம் என்று அவ்வாவணமே எச்சரிக்கிறது.

5.4 உள்ளீட்டோடையில் அனுப்புதல்

கட்டளையைச் சரமாகவும் தரவை உள்ளீட்டோடையிலும் அனுப்புவது நான்காம் வழி.

எடுத்துக்காட்டு 4:
பிரின்ட்எஃப் '%எஸ்\என்' "$தீவு" | எஸ்எஸ்எச் துறை 'ஐஎஃப்எஸ்= ரீட் -ஆர் தீவு; எம்கேடிர் -- "$தீவு"'

இங்கே கட்டளைச் சரம் ஒற்றை மேற்கோளுக்குள் மாறாது நிற்கிறது. பெயரோ குழாய்க் குறி வழியே ஓடையாகச் சென்று, வழங்கியில் 'ரீட்' கட்டளையால் படிக்கப்படுகிறது. எந்த ஷெல்லும் அதனைக் கட்டளையாகப் படிப்பதில்லை. ஆகவே அதனுள் எக்குறி இருந்தாலும் அது வெறும் தரவாகவே நிற்கும். வரிமாற்றம் உள்ள மதிப்பு மட்டுமே இம்முறைக்கு விலக்கு. கல்லின் கயிறு ஆளை இறக்கவும் கூடையின் கயிறு சிப்பியை ஏற்றவும் பயன்பட்டதைப் போல, இங்கும் இரு பணிகளுக்கு இரு வழிகள் அமைகின்றன. கடவுச்சொல் போன்ற மறைபொருள்களுக்கும் இவ்வழியே தக்கது. கட்டளை வரியில் எழுதப்பட்டவை, இயங்கும் நிரல்களின் பட்டியலில் அதே கணினியின் பிற பயனர்க்கும் தென்படக்கூடும்.

6. தமிழெழுத்துச் சார்ந்த சிக்கல்கள்

6.1 ஒருங்குறியும் பழைய எழுத்துருக்களும்

ஒருங்குறியின் யூ.டி.எஃப்.–8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. 'முத்து' என்னும் சொல் ஆறு குறிகளால் ஆனது. எனவே 18 பைட்டுகள். இப்பைட்டுகள் யாவும் ஆஸ்கி எல்லைக்கு மேற்பட்டவை. அரைப்புள்ளி, மேற்கோள், டாலர் முதலிய ஷெல் குறியீடுகள் யாவும் ஆஸ்கி எல்லைக்குள் அடங்குவன. ஆகவே ஒருங்குறித் தமிழெழுத்து எதுவும் ஷெல்லுக்குக் கட்டளைக் குறியாகத் தோன்றாது. இடைவெளியும் நிறுத்தற்குறிகளுமே இங்குக் கவனிக்கத்தக்கவை.

பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் நிலை வேறு. அவை உரோமன் குறிகளின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்தியவை. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி, அரைப்புள்ளிக் குறியாகச் சேமிக்கப்படுகிறது. 'முத்து' என்னும் சொல் அதில் நான்கு குறிகளாக நிற்கும். அவற்றுள் மூன்றாவது அரைப்புள்ளி. ஷெல்லுக்கோ அரைப்புள்ளி என்பது ஒரு கட்டளை முடிந்து மற்றொன்று தொடங்குவதன் அடையாளம். காப்பின்றி அனுப்பப்படும் 'முத்து' புள்ளியிடத்தில் இரண்டாக முறிந்து, எஞ்சிய 'து' ஒரு தனிக் கட்டளையாக இயக்கப்படும். பழைய தட்டச்சுப் படிகளின் தலைப்புகளைக் கோப்புப் பெயர்களாகக் கொள்ளும் தொகுப்புகளில் இது உண்மையான இடர். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. பழைய கோப்புகளையும் முதலில் ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே தொலைப்பணிகளுக்கு உட்படுத்துதல் நலம்.

6.2 ஒரே தோற்றம், இரு சேமிப்பு

'கொற்கை' என்னும் பெயரின் முதலெழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒருங்குறி இருவகையாகச் சேமிக்க இடந்தருகிறது: ஒரே குறியாகவோ, எகரக் கொம்பும் காலும் ஆகிய இரு குறிகளாகவோ. முன்னதில் அப்பெயர் 18 பைட்டுகள், பின்னதில் 21. திரையில் வேறுபாடு தெரியாது. லினக்ஸ் கோப்பு முறைமைகள் பொதுவாகப் பெயர்களைப் பைட்டு வரிசையாகவே ஒப்பிடுவதால், ஒரு வகையில் தட்டிய பெயரால் மற்றொரு வகையில் சேமித்த கோப்பைக் காண இயலாது. 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்னும் செய்தி கண்டு, கோப்பு தொலைந்துவிட்டதென ஆய்வாளர் கருதக்கூடும். அனுப்புமுன் பெயர்களை ஒரே வகைக்கு இயல்பாக்கம் செய்துகொள்வதே இதற்குத் தீர்வு. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் வரும் பெயர்கள் யாவற்றுக்கும் இது பொருந்தும்.

6.3 இடமரபு

பயனரின் கணினியில் தமிழ் இடமரபு அமைந்திருந்து, அம்மாறி வழங்கிக்குக் கடந்து, அங்கே அவ்விடமரபு நிறுவப்படாதிருப்பின் எச்சரிக்கைச் செய்தி எழும். கோப்புப் பட்டியலில் தமிழெழுத்துகள் வினாக்குறிகளாகவோ எண்மக் குறிகளாகவோ தோன்றும். கோப்புகள் கெட்டுவிட்டன எனக் கருதிப் பெயர்மாற்ற முனைவது தவறு, தோற்றமே மாறியுள்ளது. இதேபோல், யூ.டி.எஃப்.–8 அல்லாத இடமரபில் %கியூ குறியைப் பயன்படுத்தினால், பாஷ் தமிழ் மதிப்பை டாலர்க் குறியும் எண்மங்களும் கலந்த வடிவில் தரும். வழங்கியின் ஷெல் டாஷ் போன்ற எளிய வகையாயின் அவ்வடிவத்தை உணராமல் போகலாம். இருபுறமும் ஒரே குறியேற்றம் நிலவுவதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

7. இடர்களும் காப்பும்

முன்னர்க் கண்ட பிழைகள், அழிக்கும் கட்டளையோடு சேரும்போது பேரிழப்பாகின்றன. கடற்கரைச் சொற்களின் தொகுப்பொன்று 'தொகுப்பு' என்னும் கோப்புறையில் உள்ளதாகக் கொள்வோம். அதில் வானிலை, காற்று, விண்மீன் பற்றிய மீனவர் சொற்கள் 'வான்' என்னும் உட்கோப்புறையில் இருக்கின்றன. வான் தீவுக் கோப்புறையை மட்டும் அழிக்க எண்ணி ஒருவர் எழுதுகிறார்:

எடுத்துக்காட்டு 5:
எஸ்எஸ்எச் துறை "ஆர்எம் -ஆர் /தொகுப்பு/$தீவு"

தொலை ஷெல் இதனை இரு பெயர்களாகப் பிரிக்கும். முதலாவது '/தொகுப்பு/வான்'. அழியவேண்டிய கோப்புறை அழியாது; காக்கவேண்டிய வானிலைச் சொற்கள் அழியும். மாறிக்கு மதிப்பே தரப்படாதிருந்தால் நிலை இன்னும் கொடிது: கட்டளை '/தொகுப்பு/' என்று முடிந்து முழுத்தொகுப்பையும் நீக்கும். மதிப்பில்லா மாறியைக் கண்டதும் நிரலை நிறுத்தும் 'செட் -யூ' அமைவும், வெற்று மதிப்பையும் தடுக்கும் ':?' குறியும் இதற்குக் காப்புகள்.

மாறி என்பது வெறும் தரவு என்னும் நம்பிக்கை பொய்த்த பெருநிகழ்வு 2014 செப்டம்பரில் வெளிப்பட்டது. பாஷ் ஷெல்லில் ஸ்டெஃபான் ஷாஸலாஸ் கண்டறிந்த அக்குறை 'ஷெல்ஷாக்' எனப்பட்டது. சூழல் மாறி ஒன்றின் மதிப்பு செயற்கூறு வரையறை போலத் தொடங்கினால், அதன் பின்னொட்டாக வந்த கட்டளைகளையும் பாஷ் தொடங்கும்போதே இயக்கிவிட்டது. எஸ்எஸ்எச் வழங்கியில் ஒரே கட்டளைக்கு மட்டும் அனுமதி பெற்ற பயனர், தாம் அனுப்பும் கட்டளைச் சரம் சூழல் மாறியாகச் சேமிக்கப்படுவதைக் கொண்டு அத்தடையைக் கடக்க முடிந்தது. ஏறத்தாழ கால் நூற்றாண்டாக மறைந்திருந்த அக்குறை, தரவையும் கட்டளையையும் ஒரே கயிற்றில் கட்டுவதன் விளைவை உலகுக்கு உணர்த்தியது.

மென்பொருள் உருவாக்குநரும் இப்பாடத்தை ஏற்றுள்ளனர். கோப்புகளைப் படியெடுக்கும் 'எஸ்சிபி' கருவி நெடுங்காலம் தொலைக் கோப்புப் பெயர்களைத் தொலை ஷெல்லிடமே ஒப்படைத்து வந்தது. ஆகவே இடைவெளியுள்ள பெயர்களுக்கு இருமுறை மேற்கோளிட வேண்டியிருந்தது. 2022இல் வெளியான ஓப்பன்எஸ்எஸ்எச் 9.0 முதல் அக்கருவி இயல்பாக எஸ்.எஃப்.டி.பி. நெறிமுறையைப் பயன்படுத்துகிறது. பெயர் பெயராகவே செல்கிறது. இடையில் ஷெல் இல்லை.

8. திரும்பிவரும் குறி

கீழிருந்து மேல்வரும் செய்தியும் கவனத்துக்குரியது. தொலைவில் ஒரு மாறிக்குத் தரப்பட்ட மதிப்பு அந்த அமர்வோடு மறையும். அனுப்பியவரின் ஷெல்லில் அது தோன்றாது. ஒவ்வோர் அழைப்பும் புதிய அமர்வு. ஒன்றில் கோப்புறை மாறினால் அடுத்ததில் அம்மாற்றம் இராது. தொலைவில் பெற்ற விளைவு தேவையெனில், அதனை வெளியீடாக அச்சிடச் செய்து, அனுப்பிய பக்கத்தில் ஒரு மாறியில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வெளியீட்டைத் தவிர வருவது முடிவுநிலை எண் ஒன்றே. 0 என்பது வெற்றி. பிற எண்கள் தோல்வியின் வகைகள். எஸ்எஸ்எச் தொலைக் கட்டளையின் முடிவுநிலையையே தன் முடிவுநிலையாகத் தருகிறது. இணைப்பிலேயே பிழை நேர்ந்தால் 255 தருகிறது. கயிற்றின் சுண்டலைக் கவனியாதவர் குளிப்பவரை இழப்பார். முடிவுநிலையைச் சோதிக்காத நிரல், முதற்படி தோற்றபின்னும் அடுத்த படிகளைச் செய்துகொண்டே போகும். படியெடுத்தல் தோற்றபின் மூலத்தை அழிக்கும் நிரல் இதற்குத் தக்க சான்று.

மற்றொரு நுட்பமும் உண்டு. தீவுகளின் பெயர்ப்பட்டியலை ஒரு கோப்பிலிருந்து வரிவரியாகப் படித்து ஒவ்வொன்றுக்கும் எஸ்எஸ்எச் இயக்கும் சுழலில், முதல் தீவோடு பணி நின்றுவிடுவதைப் பலர் கண்டிருப்பர். எஞ்சிய வரிகளை எஸ்எஸ்எச் தன் உள்ளீடாக எண்ணி விழுங்கிவிடுவதே காரணம். எஸ்எஸ்எச் கட்டளைக்கு '-என்' என்னும் விருப்பைத் தந்தால் அது உள்ளீட்டைத் தொடாது. தரவை உள்ளீட்டோடையில் அனுப்பும் முறையில் இவ்விருப்பு பொருந்தாது; அங்கே பட்டியலை வேறொரு கோப்பு விவரிப்பான் வழியே படிக்க வேண்டும்.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன நான்கு. முதலாவது, தொலைக் கட்டளை இருமுறை படிக்கப்படுவதால் ஒவ்வொரு மாறியும் எந்தப் படிப்பில் விரிய வேண்டும் என்பதை எழுதுமுன்னரே முடிவு செய்தல் வேண்டும். இரண்டாவது, மதிப்பைக் கட்டளைக்குள் பெய்தே தீரவேண்டுமாயின் காப்புக் குறிகளை ஷெல்லே இடுமாறு செய்தல் வேண்டும். இயன்றவரை தரவை உள்ளீட்டோடையில் தனியே அனுப்புதல் சிறந்தது. மூன்றாவது, தமிழ்ப் பெயர்கள் ஒருங்குறியில், ஒரே வகை இயல்பாக்கத்தில், இருபுறமும் ஒத்த இடமரபில் இருத்தல் வேண்டும். நான்காவது, முடிவுநிலையைச் சோதியாமல் அடுத்த படிக்குச் செல்லலாகாது.

துறைமுகத்துள் நுழையும் கப்பலில், சுக்கான் பிடிப்பவர் தமக்கு இடப்பட்ட கட்டளையைத் திரும்பச் சொல்லிய பின்னரே சுக்கானைத் திருப்புவார். கேட்டது சரியாகக் கேட்டதா என்பதை இருவரும் அறிய அது வழி. தொலைக் கட்டளைக்கும் இம்மரபு ஏற்றது. அழிக்கும் கட்டளையை அனுப்புமுன், அதே வரியில் 'ஆர்எம்' உள்ள இடத்தில் 'பிரின்ட்எஃப்' இட்டு, ஒவ்வொரு பெயரையும் தனித்தனி வரியில் அடைப்புக்குள் காட்டச் செய்தால், வழங்கி அதனை எத்தனை பெயர்களாகப் புரிந்துகொள்கிறது என்பது தெரிந்துவிடும். 'வான் தீவு' ஒரே அடைப்புக்குள் வருகிறதா, இரண்டாகப் பிரிகிறதா என்று பார்க்க ஒரு நொடி போதும். மீண்டும் பதிவுசெய்ய இயலாத குரல்களைக் காக்கும் தரவகங்களில் அந்த ஒரு நொடியைச் செலவிடுதல் பணியொழுக்கத்தின் பகுதியாக அமைதல் வேண்டும்.